பிரனீஸ் மலைகளில் ஒன்பது இருக்கை வாடகை வான்: ஒரு மட்டக்களப்புக் குடும்பத்தின் அனுபவம்

கடந்த ஆனி மாதம் கல்லடியிலிருந்து நாங்கள் ஐந்து பேரும், சுவிஸிலிருந்து மச்சான் குடும்பத்தார் மூவரும் பார்சிலோனா விமான நிலையத்தில் சந்தித்து, ஒன்பது இருக்கை வான் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அன்டோரா என்ற குட்டி நாடு, பிரான்ஸின் துலூஸ், லூர்து, ஸ்பெயினின் சரகோசா என்று, ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவே நிற்கும் பிரனீஸ் மலைகளை இரண்டு தடவை கடந்து சுற்றிவிட்டு, ஒன்பதாம் நாள் அதே இடத்தில் வானை ஒப்படைத்தோம். வானுக்கு முழுப் புள்ளியும், அதைக் கொடுத்த கருமபீடத்துக்கு அதில் பாதியும் கொடுப்பேன். ஓர் ஊழியரோடு நடந்த வாக்குவாதத்தை வைத்து ஒரு நிறுவனத்தின் பெயரைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லாததால், பெயரை எழுதவில்லை.

இணையத்தில் பார்த்த வாடகைக்கும் கையொப்பமிட்ட தாளில் இருந்த தொகைக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தது. வானை ஸ்பெயினுக்கு வெளியே கொண்டுபோவதற்கு ஒரு கட்டணம், என்னை இரண்டாவது சாரதியாகச் சேர்ப்பதற்கு நாள் கணக்கில் ஒரு கட்டணம், மச்சானின் ஐந்து வயது மகனுக்கான ஆசனத்துக்கு இன்னொரு கட்டணம் என்று ஒவ்வொன்றாக ஏறியது. இவை எல்லாம் நிபந்தனைகளில் எழுதப்பட்டிருந்தவைதான் என்பதால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றை வாசிக்காமல் போனது எங்கள் பிழை. உண்மையான சிக்கல் 'எக்சஸ்' என்பதில் வந்தது. வாகனத்துக்குக் காப்புறுதி இருந்தாலும், சேதம் ஏற்பட்டால் குறிப்பிட்ட ஒரு தொகை வரை நாமே கொடுக்க வேண்டும். அந்தத் தொகையைப் பிரதான சாரதியின் கடனட்டையில் முன்கூட்டியே தடுத்து வைக்கிறார்கள். டெபிட் அட்டையை ஏற்கவில்லை. எக்சஸை ஈடுசெய்யும் தனிக் காப்புறுதியை மச்சான் ஏற்கெனவே வாங்கியிருந்தார். அப்படியிருந்தும், தங்களுடைய காப்புறுதியை எடுக்காவிட்டால் மலைப்பாதையில் என்னென்ன நடக்கலாம் என்று அந்த ஊழியர் கால் மணி நேரம் விளக்கிக்கொண்டே இருந்தார். விமானத்தில் இரவைக் கழித்துவிட்டு வந்த ஒருவர் அந்த இடத்தில் எதற்கும் தலையாட்டிவிடுவார்.

பிள்ளைக்கான ஆசனம் இன்னொரு கதை. ஸ்பெயினில் 135 சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளையை அதற்குரிய ஆசனம் இல்லாமல் ஏற்றிச் செல்லச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. முன்பதிவு செய்து பணமும் கட்டியிருந்த ஆசனத்துக்குப் பதிலாக அவர்கள் முதலில் நீட்டியது கைக்குழந்தைக்கான தொட்டில் ஆசனம். சரியானது வந்து சேர ஐம்பது நிமிடம் எடுத்தது. அதன் மடிப்புகளுக்குள் யாரோ ஒரு பிள்ளை தின்ற பிஸ்கட் துகள்கள் அப்படியே கிடந்தன.

வான் அதற்கு நேர்மாறாக இருந்தது. ஐரோப்பாவில் சாதாரண கார் அனுமதிப்பத்திரத்தோடு சாரதியையும் சேர்த்து ஒன்பது இருக்கைகள் வரையுள்ள வாகனத்தை ஓட்டலாம் என்பதால், எட்டுப் பேர் இரண்டு கார்களாகப் பிரியத் தேவை இருக்கவில்லை. டீசல் இயந்திரமும் ஆறு கியர்களும், எட்டுப் பேரையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு முனகாமல் மேடு ஏறின. ஒரே குறை, மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருந்த இடம். நம்மூர் கேடிஎச் வானில் மிஞ்சிய பெட்டியைக் கூரைக்கு ஏற்றிக் கட்டிவிடுவது போல அங்கே செய்ய வழியில்லாததால், ஒன்பதாவது இருக்கையில் ஒன்பது நாளும் ஒரு பெட்டிதான் பட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எட்டுப் பேர் போவதென்றால் நீளமான வகையைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் நாள் 5 கிலோமீற்றர் நீளமான காதி சுரங்கத்தைக் கட்டணம் கட்டிக் கடந்து அன்டோராவுக்கு ஏறினோம். அன்டோராவுக்கு விமான நிலையம் இல்லை. அது ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே வீசாவோடு நாடு விட்டு நாடு போகக்கூடிய ஷெங்கன் வலயத்திலும் இல்லை. அதனால், இலங்கைக் கடவுச்சீட்டில் ஒரு தடவை மட்டும் உள்நுழையும் வீசா வைத்திருப்பவர் அங்கே போனால், திரும்பி பிரான்ஸுக்குள்ளோ ஸ்பெயினுக்குள்ளோ வர அந்த வீசா உதவாது. பல தடவை உள்நுழையும் வீசாவை விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும். வாடகை நிறுவனம் இதை உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

மறுநாள், அன்டோராவிலிருந்து பிரான்ஸுக்குப் போகும் வழியில் உள்ள அன்வலீரா கணவாய். அதன் உயரம் 2,408 மீற்றர். நமது பீதுருதாலகால மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான் என்று சொன்னால், அந்த வீதி எங்கே போகிறது என்பது விளங்கும். செங்கலடி - பதுளை வீதியிலும் மகியங்கனைப் பதினெட்டு வளைவிலும் வான் ஓட்டிப் பழகிய எனக்கு வளைவுகள் பயம் தரவில்லை. வலப்பக்கமாக ஓட்டுவதுதான் பயம் தந்தது. ஸ்டியரிங் இடப்பக்கத்தில் இருக்க, கியர் மாற்றப் போன இடது கை இரண்டு தடவை கதவில் மோதியது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாமல் மூன்றாம் கியரில் விட்டபோது வான் தானே வேகத்தை அடக்கிக்கொண்டது. பின்னாலிருந்து அம்மா, "காது அடைக்குது, மெல்லமாப் போங்க மகன்" என்று மட்டும் சொன்னார்.

அன்டோராவில் வரி குறைவு என்பதால் எரிபொருளும் பிரான்ஸை விட மலிவு. வானை எரிபொருள் தாங்கி நிறையத் தந்தால் அப்படியே தாங்கி நிறையத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் ஒப்பந்தமாக இருந்தது. எரிபொருள் நிலையத்தில் ஒரு பொறி இருக்கிறது: ஸ்பெயினில் 'கசோலினா' என்பது பெற்றோல், 'கசோலியோ' என்பது டீசல், பிரான்ஸில் 'கஸோல்' என்பதும் டீசல். பெயரை நம்பாமல், தாங்கியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் பாருங்கள். பெற்றோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம். பம்பின் குழாயிலும் அதே அடையாளம் இருக்கும்.

நகரங்களில் இந்த வான் ஒரு சுமை. உயரம் 1.97 மீற்றர். துலூஸில் நிலக்கீழ்த் தரிப்பிடம் ஒன்றின் வாசலில் 1.90 என்ற பலகையைக் கடைசி நேரத்தில் கண்டு, பின்னால் நின்ற நான்கு கார்களையும் பின்வாங்கச் செய்து வெளியே வந்தோம். அதன் பிறகு நகருக்கு வெளியே வானை விட்டுவிட்டு மெட்ரோவில் போனோம். லூர்தில் அந்தத் தொல்லை இருக்கவில்லை. 1858 இல் மாதா காட்சி கொடுத்த கெபியில் மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்ற அம்மாவின் நெடுநாள் வேண்டுதலும் நிறைவேறியது.

திரும்பும் வழியில் 8.6 கிலோமீற்றர் நீளமான சொம்போர்ட் சுரங்கம் கட்டணமின்றி எங்களை ஸ்பெயினுக்குள் விட்டது. மறுபக்கத்தில் கன்ஃப்ராங் ரயில் நிலையம்: 1928 இல் திறக்கப்பட்ட, 241 மீற்றர் நீளமான மாளிகை. பிரான்ஸ் பக்கத்துப் பாலம் ஒன்று 1970 இல் உடைந்ததோடு எல்லை தாண்டிய ரயில் நின்றுபோக, இப்போது அந்த மாளிகை ஒரு ஹொட்டேல். தண்டவாளம் முடிகின்ற மட்டக்களப்பிலிருந்து போன எங்களுக்கு, தண்டவாளம் முடிகின்ற இன்னோர் ஊரில் தேநீர் குடிக்காமல் கடந்துபோக மனம் வரவில்லை.

வானை ஒப்படைக்கும்போது ஊழியர் ஒருவர் பின் பம்பரில் இருந்த கீறலைக் காட்டி, எக்சஸிலிருந்து கழிக்க வேண்டும் என்றார். முதல் நாள் வானைச் சுற்றி என் மூத்த மகள் கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியில் அதே கீறல் இருந்தது. அதைப் பார்த்த பிறகும் அவர் வட்டம் வரைந்த ஒளிபுகும் அட்டை ஒன்றைக் கீறலின் மேல் வைத்து அளந்தார்; வட்டத்துக்குள் அடங்குகிறது, பரவாயில்லை என்று ஏதோ சலுகை தருவது போலச் சொன்னார். சில்லுகளையும் கூரையையும் கூடப் படம் எடுத்து வையுங்கள்.

தடுத்து வைத்த பணம் பத்து நாளில் விடுபட்டது. இரண்டு மாதம் கழித்து மச்சானின் அட்டையிலிருந்து நாற்பது யூரோ போனது. பிரான்ஸில் வேக எல்லையைத் தாண்டியதற்காகச் சாரதியின் விபரத்தை அதிகாரிகளுக்கு அனுப்பிய நிர்வாகக் கட்டணமாம். அபராதம் இன்னும் வந்து சேரவில்லை.