சேலத்தில் ஆன்லைன் வகுப்புக்கு கேமரா, மைக் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அதற்காகப் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் ‘4கே’ வெப்கேமும் கண்டென்சர் மைக் செட்டும் வாங்கினேன். இரண்டிலும் நன்றாக நாமம் போட்டுவிட்டார்கள்.

முதலில் கேமரா. முகம் பளிச்சென்று தெரிந்தது, போர்டில் எழுதியதுதான் தெரியவில்லை. “சார், அது மைனஸா, போர்டுல இருக்கற கறையா?” என்று ஒரு பையன் கேட்டான். இன்டக்ரேஷனில் மைனஸ் போனால் மொத்தக் கணக்கும் போச்சு.

உண்மையான 4கே என்றால் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். மலிவான கேமராக்கள் பலவற்றில் உள்ளே இருப்பது 640க்கு 480 சென்சார், அதாவது 3 லட்சம் புள்ளிகள். மீதியை மென்பொருள் ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். கம்ப்யூட்டரும் ‘4கே’ என்றே சொல்லும் என்பதால் அந்த எண்ணை நம்பிப் பயனில்லை. உங்கள் லேப்டாப்பைக் கடைக்கே கொண்டுபோய், ஆறடி தள்ளி ஒரு தினசரியைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் உபதலைப்பு எழுத்தாவது படிக்க வர வேண்டும். பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

மைக் கதை இன்னும் மோசம். எங்கள் வீடு அம்மாபேட்டையில், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி. அதைச் சொல்லித்தான் கேட்டேன். “ஸ்டுடியோ மைக்குங்க சார், வெளிச்சத்தத்தை எல்லாம் கட் பண்ணிடும். நேரா லேப்டாப்ல குத்துனா போதும்” என்றார் கடைக்காரர். இரண்டுமே பொய். இந்த வகை மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) வேண்டும், லேப்டாப்பின் மைக் ஓட்டை தருவது சில வோல்ட்தான். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. திரும்பப் போனால், “சவுண்ட் கார்டு தனியா வாங்கணுமே சார், அது இல்லாம எப்படி?” அதையும் அவரிடமே வாங்க வேண்டுமாம்!

வாங்கினாலும் நமக்கு உதவாது. வாயிலிருந்து தள்ளி வைத்த கண்டென்சர் மைக் தறிச் சத்தம், ஃபேன் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கும். சத்தமுள்ள வீட்டுக்கு வாயருகே நிற்கிற ஹெட்செட் மைக்கோ காலர் மைக்கோதான் சரி. காலர் மைக் வாங்கும்போது அதன் பின்னை, அதாவது லேப்டாப்பில் குத்தும் முனையைப் பாருங்கள். லேப்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் ஒரே ஓட்டை என்றால் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்க வேண்டும். இரண்டு வளையப் பின்னுக்குக் கன்வெர்ட்டர் தேவை.

அப்புறம் பில். எனக்குக் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று போட்ட துண்டுச் சீட்டு, கீழே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று முத்திரை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். ஜிபே பண்ணியதால் பணம் போனதற்கு ஆதாரம் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகார் பதிந்தேன். அதற்குப் பிறகு கடைக்காரரே கூப்பிட்டு, கேமராவுக்கு மட்டும் பணம் தருகிறேன், மைக் ‘கம்பெனி ஐட்டம்’, எடுக்க மாட்டேன் என்கிறார். ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.