வால்பாறையா, ஆனைமலைத் தோப்பா?

பொங்கல் லீவுக்கு முன்னால் ஆபீஸ்காரர்களுக்கு ஒரு கொண்டாட்டம். கோவையிலிருந்து எங்கே போவது?

வால்பாறை என்றால் இளவட்டங்கள் துள்ளுவார்கள். சரி, ஆனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள். போன முறை ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில் எல்லாரும் போட்டோ எடுக்க, கணக்குப் பிரிவு அக்கா மட்டும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே, "ஏனுங்க, இன்னும் எத்தனைங்க?" என்றார். பாதி நாள் வேனிலேயே போனது.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றைப் பேசிவிட்டால் இந்தப் பாடு இல்லை. சமையல்காரர் அங்கேயே அடுப்பு மூட்டி அரிசிம்பருப்புச் சோறும் பள்ளிபாளையம் சிக்கனும் செய்துவிடுவார். வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் எண்ணெயில் வதங்கும் வாசத்துக்கே மேனேஜர் இலை போட்டு உட்கார்ந்துவிடுவார். கழிப்பறை வசதியை மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.

என் ஓட்டு தோப்புக்கு. வால்பாறை அப்புறம், இரண்டு நாள் லீவு கிடைக்கும்போது.