ஹாலி 650 டபுள் பம்பர் கார்புரேட்டர்: 1970 நோவால மாட்டி குவார்ட்டர் மைல் ஓட்டி பார்த்த ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், 350 ஸ்மால் பிளாக் செவி (செவ்ரோலேவோட 350 கியூபிக் இன்ச் வி8 இன்ஜின்) வச்சிருக்கீங்க, வாரம் பூரா வேலை, வெள்ளிக்கிழமை நைட் டெஸ்ட் அண்ட் டியூன்னா (ரேஸ் இல்லாம சும்மா ஓட்டி பார்க்கற நேரம்) டிராக் ரேஸ் ஸ்ட்ரிப்புக்கு கெளம்பிடுவீங்கன்னா ஹாலில 650 (நிமிஷத்துக்கு 650 கன அடி காத்து, அதாவது சிஎஃப்எம்) வாங்குங்க, 750 வேணாம். கடைல கேட்டாலும் ஸ்ட்ரிப்ல பக்கத்து பிட்ல கேட்டாலும் 750 தான்னு அடிச்சு சொல்லுவாங்க, ஏன்னு கேட்டா பதில் வராது, பெருசா இருந்தா ஃபாஸ்ட்டுன்னு ஒரு நெனப்பு, அவ்ளோதான்.

கணக்கு ரொம்ப சிம்பிள். இன்ஜின் கியூபிக் இன்ச்சை மேக்ஸிமம் ஆர்பிஎம்மால பெருக்கி 3456 ஆல வகுங்க. 350 இன்ஜின் 6500 வரைக்கும் போகுதுன்னா கிட்டத்தட்ட 658 சிஎஃப்எம் வரும், அதுவும் இன்ஜின் நூத்துக்கு நூறு காத்தை உள்ள இழுத்தாதான். வீட்டு ஷெட்ல கட்டின இன்ஜின் 85 பர்சென்ட் இழுத்தாலே பெரிய விஷயம், அப்ப பார்த்தா 560 தான் வருது. இதுல 850 மாட்டிட்டு வந்து "லான்ச்ல, அதாவது கெளம்பும்போது, வண்டி செத்து போகுது"ன்னு பொலம்பறவங்களை ஒவ்வொரு சீசன்லயும் பார்க்கறேன். கார்புரேட்டர் வாய் பெருசா இருந்தா காத்து மெதுவா போகும், பூஸ்டர்ல (வாய்க்குள்ள பெட்ரோலை தெளிக்கற சின்ன குழல்) பெட்ரோலை இழுக்க வேகம் பத்தாது, பெட்ரோல் பொடிப்பொடியா ஆகாம சொட்டு சொட்டா உள்ள போகும். மேல் ஆர்பிஎம்ல லேசா கெடைக்கற லாபத்தை கீழ மொத்தமா விட்டுருவோம்.

வண்டிய பத்தி கொஞ்சம். பக்கத்து வீட்டுக்காரரோட 1970 செவி நோவா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் வேலை பார்க்கறோம். 350, மிதமான கேம் (வால்வுகளை தெறக்கற ஷாஃப்ட்), எடல்பிராக் பெர்ஃபார்மர் ஆர்பிஎம் இன்டேக் (கார்புரேட்டருக்கு கீழ இருக்கற மேனிஃபோல்ட்), ஹெடர்ஸ் எக்ஸாஸ்ட், டர்போ 350 ஆட்டோமேட்டிக், 3500 ஸ்டால் கன்வர்ட்டர் (இன்ஜினை கிட்டத்தட்ட 3500 ஆர்பிஎம் வரைக்கும் ஏற விட்டு வண்டிய இழுக்கற ஆட்டோமேட்டிக் கியர் பார்ட்), பின்னாடி 3.73 கியர், டிராக் ரேடியல் டயர். 12 செகண்ட் கடைசி, 13 ஆரம்பம்னு ஓடற வண்டி. 13.99 செகண்டோ அதுக்கு கீழயோ ஓடினா ஹெல்மெட் கட்டாயம், 11.49க்கு வந்துட்டா ரோல் பார் போடணும், அந்த ரோல் பார் செலவு வேணாம்னுதான் இந்த ரேஞ்ச்லயே வச்சிருக்கோம். ஓடறது ஃபுட்பிரேக் பிராக்கெட், எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத கிளாஸ். பிராக்கெட்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: நம்ம வண்டி எவ்ளோ செகண்ட்ல ஓடும்னு நாமளே மொதல்ல எழுதி கொடுத்துடணும், கண்ணாடில வெள்ளை ஷூ பாலிஷ்ல எழுதுவாங்க பாருங்க அது. ஸ்லோ வண்டிக்கு மொதல்ல பச்சை விழும், அந்த வித்தியாசம் கழிச்சு ஃபாஸ்ட் வண்டிக்கு விழும். எழுதினதை விட கொறைஞ்ச டைம்ல ஓடிட்டா பிரேக்அவுட், அவுட்டு. அதனால இங்க வேகத்தை விட ஒரே மாதிரி ஓடறதுதான் முக்கியம், 15 செகண்ட் ஸ்டேஷன் வேகன் 10 செகண்ட் கேமரோவை வீட்டுக்கு அனுப்பறதெல்லாம் சாதாரணமா நடக்கும்.

கார்புரேட்டர்லாம் இன்னுமா இருக்குன்னு ஊர்ல இருந்து படிக்கறவங்க கேப்பீங்க. 2020ல பிஎஸ்-6 வந்ததுல இருந்து ஊர்ல புது பைக்னாலே பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான், சோக் இழுக்கறதுன்னா என்னன்னே தெரியாத பசங்க வந்தாச்சு. இங்க அமெரிக்காலயும் ப்ரொஃபஷனல் ஆளுங்க விட்டுட்டாங்க, நாஸ்கார் கப் கார் ரேஸ் 2012ல இன்ஜெக்ஷனுக்கு போச்சு, டிராக் ரேஸ் சங்கமான என்ஹெச்ஆர்ஏவோட ப்ரோ ஸ்டாக் கிளாஸ் 2016ல போச்சு, அதுவரைக்கும் ரெண்டு எடத்துலயும் ஹாலி கார்புரேட்டர்தான் ஆட்சி. ஆனா நம்மள மாதிரி ஷெட் கோஷ்டி இன்னும் விடல. ஆர்எக்ஸ் 100க்கு மெயின் ஜெட் (பெட்ரோல் அளவை முடிவு பண்ற ஓட்டை உள்ள சின்ன ஸ்க்ரூ) மாத்தி மாத்தி பார்த்து ப்ளக் கலர் பார்த்தவங்களுக்கு இந்த சுகம் சொல்லவே வேணாம், இது அதோட நாலு வாய் உள்ள பெரியப்பா.

இந்த டிசைன் 1957 ஃபோர்டுக்காக வந்த ஹாலி 4150 குடும்பம். அந்த காலத்து மசில் கார் நெறைய கம்பெனிலயே ஹாலியோடதான் வந்துச்சு, 1969 கேமரோ இசட்-28ல 780, 1970 செவெல் எல்எஸ்-6 454லயும் 780, மோப்பார் (கிரைஸ்லர்) 440 சிக்ஸ் பேக்ல ரெண்டு வாய் ஹாலி மூணு. சாதாரண ஜிஎம் வண்டிக்கு ரோசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர், எங்க நோவாலயும் அதான் இருந்துச்சு. குவாட்ராஜெட்டை திட்டறவங்க ஜாஸ்தி, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, தெரிஞ்சவன் கைல அது நல்லாவே ஓடும். ஆனா ஸ்ட்ரிப்ல நின்னுகிட்டு ஜெட் மாத்தணும்னா மேல் மூடிய மொத்தமா கழட்டணும், அதான் கடுப்பு.

ஹாலியோட பலமே அங்கதான். பெட்ரோல் பவுல் சைடுல தொங்குது, நாலு ஸ்க்ரூ, 5/16 நட் டிரைவர் இருந்தா போதும், பவுல் கைல வந்துடும், பின்னாடி மீட்டரிங் பிளாக்ல ரெண்டு ஜெட் தெரியும், அகலமான ஸ்க்ரூ டிரைவரால கழட்டி வேற நம்பர் போட்டு மூடிடலாம். ஒரு ரன்னுக்கும் அடுத்த ரன்னுக்கும் நடுவுல நிம்மதியா பண்ணலாம். பவுல் லூஸ் பண்ணும்போது பெட்ரோல் கொட்டும், கீழ இன்டேக் சூடா இருக்கும், அதனால துணி வச்சு ஒரு சின்ன டப்பாவும் பிடிக்கணும், ஃபயர் எக்ஸ்டிங்விஷர் கை எட்டற தூரத்துல இருக்கணும், இதுல சோம்பேறித்தனம் கூடவே கூடாது. நீல கலர் நான்-ஸ்டிக் கேஸ்கெட் கூடவே வாங்கிடுங்க, திரும்ப திரும்ப போடலாம், சாதா கேஸ்கெட் ஒட்டிக்கிச்சுன்னா சுரண்டியே அடுத்த ரன் போயிடும்.

டபுள் பம்பர்னா செகண்டரி ரெண்டு வாயும் ஆக்ஸிலரேட்டரோட நேரடியா லிங்க்ல தெறக்கும், மொத்தம் ரெண்டு ஆக்ஸிலரேட்டர் பம்ப். வேக்யூம் செகண்டரி அப்படி இல்ல, இன்ஜின் காத்து கேக்கும்போது தானா தெறக்கும். வண்டி வெயிட்டு, ஆட்டோமேட்டிக், கன்வர்ட்டர் ஸ்டாக், இப்படி இருந்தா டபுள் பம்பர் பக்கமே போகாதீங்க, வேக்யூம் செகண்டரிதான் உங்களுக்கு. எங்களுக்கு 3500 ஸ்டால் இருக்கறதாலதான் இது செட் ஆகுது.

இப்ப லான்ச் விஷயம், இதுதான் மெயின். பிரேக்கை மிதிச்சுகிட்டு 2000 பக்கம் ஆர்பிஎம் ஏத்தி நிக்கறோம், ஸ்டார்ட் சிக்னல்ல மூணாவது மஞ்சள் லைட் விழுந்ததும் பெடலை அப்படியே தரைக்கு அமுக்கறோம், நாலு வாயும் ஒரே நேரத்துல தெறக்குது, காத்து லேசு அது உடனே உள்ள பாயுது, பெட்ரோல் கனம் அது பின்னாடிதான் வரும், அந்த கண் சிமிட்டற நேரத்துல பெட்ரோல் இல்லாம இன்ஜின் "புக்"னு ஒரு முக்கு முக்கும். அந்த ஓட்டைய அடைக்கறதுதான் பம்போட வேலை. டப்பால வர்ற செட்டிங் எல்லா இன்ஜினுக்கும் பொதுவா வச்சது, நம்ம கேமுக்கும் நம்ம கன்வர்ட்டருக்கும் நாமதான் தேடி கண்டுபிடிக்கணும்.

ஸ்டெப் பை ஸ்டெப்லாம் பெருசா இல்ல. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு மேல இருந்து உள்ள எட்டி பாருங்க, லிங்கேஜை விரலால ஒரு மயிரிழை தள்ளினா போதும், ஸ்க்விர்ட்டர்ல (பம்ப் தள்ளற பெட்ரோலை பீச்சற மூக்கு) இருந்து பெட்ரோல் அந்த செகண்டே சீறணும். கொஞ்சம் தள்ளின அப்புறம்தான் வருதுன்னா பம்ப் ஆர்ம் லூஸா இருக்கு, அந்த ஸ்பிரிங் போல்ட்டை அட்ஜஸ்ட் பண்ணணும். அதே சமயம் ஃபுல் த்ராட்டில்ல வச்சு ஆர்மை கையால அமுக்கி பார்த்தா இன்னும் 15 தவ் (0.015 இன்ச்) கேப் இருக்கணும், ஃபீலர் கேஜ் விட்டு பாருங்க, இல்லன்னா டயாஃப்ரம் சீக்கிரம் கிழியும். இது சரியாயிட்டா அப்புறம் ஸ்க்விர்ட்டர் சைஸ். 31 போட்டிருக்குன்னா ஓட்டை 0.031 இன்ச்னு அர்த்தம். லான்ச்ல இன்டேக் வழியா டப்புனு இருமுச்சுன்னா பெட்ரோல் பத்தல, 35 போட்டு பாருங்க, எக்ஸாஸ்ட்ல கருப்பு புகை தள்ளிட்டு சோம்பலா கெளம்புச்சுன்னா ஜாஸ்தி, எறக்குங்க. அதுக்கு மேல நுணுக்கமா வேணும்னா பம்ப் கேம், பிளாஸ்டிக்ல பிங்க், ஆரஞ்சு, பச்சைன்னு கலர் கலரா ஒரு கிட்டா விக்கறாங்க, ஒவ்வொரு கலரும் எவ்ளோ பெட்ரோல், எந்த நேரத்துல தள்ளணும்னு மாத்தும். ஒரு சின்ன ஸ்க்ரூதான், ஆனா கீழ விழுந்தா இன்டேக் சந்துல போய் ஒளிஞ்சுக்கும், மேக்னெட் வச்சுக்கோங்க.

டைம் ஸ்லிப்பை படிக்க தெரிஞ்சாதான் இந்த கார்புரேட்டர் வாங்கின காசுக்கு அர்த்தம். ஸ்ட்ரிப்ல கொடுக்கற சீட்டுல ரியாக்ஷன், 60 அடி, 330 அடி, எய்ட்த் மைல், 1000 அடி, 1320 அடின்னு எல்லாம் வரிசையா இருக்கும். பம்ப், ஸ்க்விர்ட்டர் எது மாத்தினாலும் 60 அடி டைமை பாருங்க. ஜெட் மாத்தினா கடைசில இருக்கற எம்பிஎச்ச பாருங்க, மொத்த செகண்ட பார்க்காதீங்க, ஏன்னா டயர் கொஞ்சம் ஸ்பின் ஆனாலே செகண்ட் கெட்டு போகும், ஆனா எம்பிஎச் பெருசா பொய் சொல்லாது, இன்ஜின் என்ன பவர் போட்டுச்சோ அதை காட்டும். ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ஜெட், டைமிங், டயர் ப்ரெஷர் மூணையும் சேர்த்து மாத்திட்டு எது வேலை செஞ்சுதுன்னு மண்டைய சொறியற ஆளுங்களுக்கு எந்த கார்புரேட்டரும் செட் ஆகாது.

ஃப்யூயல் ப்ரெஷர் 5ல இருந்து 7 பிஎஸ்ஐக்குள்ள இருக்கணும், அதுக்கு மேல போனா நீடில் (பவுலுக்கு வர்ற பெட்ரோலை நிறுத்தற ஊசி வால்வு) தாங்காம வழிஞ்சுடும். பெரிய எலக்ட்ரிக் பம்ப் போட்டவங்க ரெகுலேட்டர் இல்லாம இதை மாட்டாதீங்க. பவர் வால்வை (லோடு ஏறும்போது கூடுதல் பெட்ரோல் விடற வால்வு) பத்தி நெறைய கட்டுக்கதை இருக்கு, பேக்ஃபயர் ஆனா கிழிஞ்சுடும்னு சொல்லி அதை எடுத்துட்டு ப்ளக் போட்டு அடைச்சிடுவாங்க, இப்ப வர்றதுல பேக்ஃபயருக்குன்னே செக் பால் பாதுகாப்பு இருக்கு. ஆட்டோமேட்டிக்னா டிரைவ்ல போட்டு ஐடில் வேக்யூம் பாருங்க, அதுல பாதி நம்பர் வால்வு போடுங்க, முடிஞ்சுது.

கொறைன்னு பார்த்தா வானிலைதான். சாயந்திரம் வெயில்ல ஓடினதும் நைட் பத்து மணிக்கு காத்து குளிர்ந்த அப்புறம் ஓடறதும் ஒண்ணு இல்ல. குளிர்ந்த காத்து அடர்த்தி, பவர் ஏறும், சாயந்திர டைமையே எழுதி கொடுத்துட்டு நைட் ரவுண்டுக்கு போனா பிரேக்அவுட்தான். இன்ஜெக்ஷன் வண்டிலயும் பவர் ஏறும், ஆனா அது பெட்ரோல் அளவையாவது தானா திருத்திக்கும், கார்புரேட்டருக்கு நாமதான் ஆளு. உயரம்னா இன்னும் மோசம், 2000 அடிக்கு ஒரு ஜெட் நம்பர் கொறைக்கணும்னு ஒரு பொது கணக்கு. 2023ல மூடின டென்வர் பேண்டிமேர் ஸ்ட்ரிப் கிட்டத்தட்ட 5800 அடி உயரத்துல இருந்துச்சு, கடல் மட்டத்து செட்டிங்கோட அங்க போனவங்க வண்டியெல்லாம் திணறிட்டுதான் ஓடியிருக்கும்.

டெய்லி ஓட்டறதுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். மேனுவல் சோக், குளிர் காலத்துல கொஞ்ச நேரம் காலால பெடலை பிடிச்சுகிட்டே இருக்கணும், ஷெட் பூரா பெட்ரோல் வாசனை, மைலேஜ் பத்தி பேசவே வேணாம். எத்தனால் கலந்த பம்ப் பெட்ரோலை பனிக்காலம் முழுக்க உள்ள விட்டு வச்சா பவுல்ல வெள்ளை பொடி பூக்கும், சீசன் முடிஞ்சதும் காலி பண்ணிடுங்க. ஆபீஸுக்கும் இதே வண்டி, ஸ்ட்ரிப்புக்கும் இதே வண்டின்னா ஹாலியே விக்கற ஸ்னைப்பர் மாதிரி த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனுக்கு போங்க, ஆயிரம் டாலருக்கு மேல ஆகும், அது போக ஃப்யூயல் பம்ப், ரிட்டர்ன் லைன், வயரிங்னு தனி செலவு. காலைல சாவி திருப்பினா ஸ்டார்ட் ஆகும், அந்த நிம்மதிக்கு அந்த காசு தகும். ஆனா ஸ்ட்ரிப்ல ஒரு சென்சார் போச்சுன்னா லேப்டாப்பை வச்சுகிட்டு முழிக்கணும், கார்புரேட்டர்ல அதிகபட்சம் ஒரு கேஸ்கெட்டோ டயாஃப்ரமோதான் போகும், ரெண்டும் டூல் பாக்ஸ்லயே கெடக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னா, தாராளமா, ஸ்வாப் மீட்ல (பழைய பார்ட்ஸ் சந்தை) குவிஞ்சு கெடக்கும். ஆனா பளபளன்னு பாலிஷ் போட்டதை பார்த்து ஏமாறாதீங்க. ஏர் ஹார்ன்ல (காத்து உள்ள போற மேல் பக்கம்) முன்னாடி குத்தியிருக்கற லிஸ்ட் நம்பரை பாருங்க, 650 டபுள் பம்பர்னா 4777, 750னா 4779. த்ராட்டில் ஷாஃப்ட்டை மேலயும் கீழயும் ஆட்டி பாருங்க, ஆட்டம் இருந்தா காத்து லீக், ஐடில் எப்பவும் நிக்காது. பவுலை கழட்டி காட்ட சொல்லுங்க, மாட்டேன்னு சொன்னா அடுத்த டேபிளுக்கு போயிடுங்க. மீட்டரிங் பிளாக் ரெண்டும் ஒரே கார்புரேட்டரோடதான்னு பாருங்க, ரெண்டு மூணு உடைஞ்சதுல இருந்து ஒண்ணு தேத்தி விக்கறது அங்க சர்வ சாதாரணம். ஜெட்டோட தலை ஸ்க்ரூ டிரைவர் வழுக்கி மழுங்கியிருந்தா வெலைய பாதியா கொறைச்சு கேளுங்க, கொடுப்பாங்க.