மேலே பளபளப்பு, உள்ளே வேறு சரக்கு: சொல்லிச் செய்த ரைஃபிளில் நான் ஏமாந்த கதை

டெக்சஸில் வேட்டைக்குப் போகும் நம்மாட்கள் சிலர், கடையில் வாங்குவதை விட்டுவிட்டு, தனக்கென்று ஒரு ரைஃபிள் செய்துகொள்ளலாம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அட்வான்ஸ் செக்கைக் கிழித்துக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒருதடவை படித்துவிடுங்கள். எனக்கு ஆனது 6,800 டாலரும் 26 மாதமும். செய்து கொடுத்தவரின் பெயர், ஊர் இரண்டும் இங்கே வராது. வெளியில் சொல்லமாட்டேன் என்று சமரசக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தனியாகக் கேட்டாலும் சொல்ல முடியாது.

ஆசை எங்கே ஆரம்பித்தது என்றால், நீல்காயில். வடநாட்டில் வயலை மேய்ந்துவிட்டுப் போகும் அந்தப் பெரிய மான் இனம், அதே நீல்காய்தான். 1930ஐ ஒட்டி தெற்கு டெக்சஸில் கிங் ரான்ச் என்ற பெரிய பண்ணைப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள், இன்று ஆயிரக்கணக்கில் திரிகிறது. வெளியிலிருந்து வந்த விலங்கு என்பதால் சீசனும் கிடையாது, எண்ணிக்கைக் கட்டுப்பாடும் கிடையாது. வேட்டை லைசென்ஸும் நிலக்காரர் அனுமதியும் இருந்தால் போதும். கிடா 250 கிலோ வரை வரும், கழுத்துத் தோல் அப்படியொரு தடிமன். சரியான இடத்தில் படாவிட்டால் முள்காட்டுக்குள் ஓடியே போய்விடும். முதல் தடவை போனபோது எனக்கு அப்படித்தான் ஒன்று கைவிட்டுப் போனது. சாயங்காலம் வரை தேடியும் கிடைக்கவில்லை. அந்த இரவு தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் .35 வீலன் என்ற தோட்டாவின் பெயர் மண்டைக்குள் ஏறியது. பழைய .30-06 தோட்டாவின் கழுத்தை 0.358 அங்குலக் குண்டு உட்காரும்படி அகலமாக்கி 1922ல் உருவாக்கியது. பல வருஷம் துப்பாக்கிப் பட்டறைகளில் மட்டுமே உயிரோடிருந்துவிட்டு, 1980களின் கடைசியில்தான் ரெமிங்டன் கம்பெனிச் சரக்காகக் கொண்டுவந்தது. .30-06 போதாதா என்று கேட்பீர்கள். போதும். இது தேவை இல்லை, ஆசை. ஏமாற்றுகிறவனுக்கு அந்த வித்தியாசம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

என்னிடம் ஏற்கெனவே 1909 அர்ஜென்டினா மவுசர் (98 வகை) என்ற பழைய ராணுவ ரைஃபிள் ஒன்று இருந்தது. பெர்லினில் டிடபிள்யூஎம் கம்பெனி செய்தது, மேகசின் அடித்தட்டு கதவு மாதிரி கீலில் திறக்கும். கஸ்டம் வேலைக்காரர்கள் இதைப் பார்த்தால் விடமாட்டார்கள். அதன் உடலை மட்டும் வைத்துக்கொண்டு, புதுக் குழல், வால்நட் மரத்தில் பிடிக்கட்டை, புது ட்ரிகர். அதுதான் திட்டம்.

வீட்டிலிருந்து நாலு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் அந்த ஆளைப் பார்த்தேன். பட்டறை கோயில் மாதிரி இருந்தது. சுவர் முழுக்கப் படங்கள். முடித்து வைத்த ஒரு ரைஃபிளைக் கையில் கொடுத்தார். பிடியில் கையால் வெட்டிய கட்டங்களில் ஒன்றுகூடக் கோணல் இல்லை, கருப்புச் சாயத்தில் என் முகம் தெரிந்தது. அங்கேயே விழுந்துவிட்டேன். "எட்டு மாதம், தம்பி. அதுக்கு மேல ஒரு நாள் ஆகாது" என்றார் (ஆங்கிலத்தில்தான், ஆனால் குரல் அப்படி இருந்தது). பாதிப் பணம் முன்னால், குழல் வந்ததும் 2,000, மீதி முடிந்ததும். கார்டில் போட்டால் 3 சதவீதம் கூட ஆகும், செக் கொடுத்தால் மிச்சம் என்றார். நூறு டாலரை மிச்சம் பிடித்தேன் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன்.

காகிதத்தில் எழுதியது ஒரே வரி: ".35 வீலன், மவுசர் 98, வால்நட், முழு வேலை." மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு. குழல் இன்ன கம்பெனியுடையது, உள்ளே ரைஃபிளிங், அதாவது குண்டைச் சுழற்றிவிடும் திருகு வரிகள், 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரவேண்டும் என்று நான் சொல்ல, அவர் தலையாட்டியதோடு சரி. 12 ஏன் என்றால், நான் செப்புத் தோட்டா மட்டுமே சுட நினைத்தேன். "ஈயத்துணுக்கு பிள்ளைங்க தட்டுல விழக்கூடாதுங்க" என்று வீட்டம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். செப்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். நீளமான குண்டு தடுமாறாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். கம்பெனி வீலன் குழல்களில் வழக்கமாக இருந்தது 16க்கு ஒன்று.

எட்டு மாதம் 26 ஆன கதையை விவரிக்கவில்லை. முதுகுவலி, மகள் கல்யாணம், வெள்ளம், குழல் கம்பெனியில் தாமதம். கட்டிடம் கட்டிய எவருக்கும் இந்தப் பாட்டு தெரியும்.

கையில் வந்தபோது கோபமெல்லாம் போய்விட்டது. அவ்வளவு அழகு. நண்பர்கள் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். மீதிப் பணத்தை அங்கேயே, ஒரு தோட்டாகூடச் சுடாமல் எண்ணிக் கொடுத்தேன். ரைஃபிளை வாங்கிக்கொண்டு வரும் வழியெல்லாம் பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு 100 கெஜத்தில், அண்ணாச்சி கையால் அடைத்துக் கொடுத்த செப்புத் தோட்டா. அவர் மதுரைக்காரர், 30 வருஷமாக இங்கே இருக்கிறார், நாங்களெல்லாம் அண்ணாச்சி என்போம். மூன்று தோட்டா, ஐந்து அங்குலத்துக்குச் சிதறல். ஸ்கோப் ஸ்க்ரூவை இறுக்கினேன், மூச்சைப் பிடித்தேன், என்னையே சந்தேகப்பட்டேன். பிறகு அண்ணாச்சி தன் பையிலிருந்து பழைய கம்பெனி ஈயத்தோட்டா, குண்டு 200 கிரெயின் எடை (13 கிராம் போல), குட்டையானது, அதில் மூன்றைக் கொடுத்தார். ஒன்றரை அங்குலத்துக்குள் மூன்றும்.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. துடைக்கும் கம்பியை எடுத்து, முனையில் துணியை இறுக்கமாகச் சுற்றி, கைப்பிடிப் பக்கம் ஒரு துண்டு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டினார். கம்பி தானாகச் சுழலும் வகை. உள்ளே மெல்லத் தள்ளத் தள்ளக் கொடி திரும்பியது. அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மேலே வந்ததும் நிறுத்தி, உள்ளே போன நீளத்தை அளந்தார். திரும்ப ஒருமுறை செய்தார். 16 அங்குலம். "தம்பி, நீ சொன்ன குழல் இது இல்ல" என்றார். குழல் முழுக்கத் தேடினோம். செய்த கம்பெனியின் முத்திரை எங்கும் இல்லை, ".35 வீலன்" என்ற எழுத்து மட்டும். மறுநாள் அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். அப்படி ஒரு ஆர்டரே வரவில்லை என்றார்கள். 26 மாதம் "குழல் வரவில்லை" என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, அந்தக் குழலை அவர் ஆர்டரே செய்யவில்லை.

இது பணத்தோடு போகிற ஏமாற்று. அடுத்தது அப்படியில்லை. சுட்ட காலிக் கேஸ்களை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூடுகளை, துடைக்கும்போது, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, பித்தளையைச் சுற்றி மெல்லிசாக ஒரு பளிச்சென்ற வளையம் தெரிந்தது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, கேஸுக்குள் விட்டு மேலிருந்து கீழே தடவச் சொன்னார் அண்ணாச்சி. அந்த இடத்தில் கொக்கி லேசாக ஒரு பள்ளத்தில் தட்டியது. கேஸ் இழுபட்டு மெலிந்திருக்கிறது. குழலில் தோட்டா உட்காரும் சேம்பரை அளவுக்கு மீறி ஆழமாகக் குடைந்துவிட்டால், வெடிக்கும்போது கேஸின் முன்பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும், பின்பாதி, பின்புறத்தை அடைத்திருக்கும் போல்ட்டைத் தேடிப் பின்னால் இழுபடும். ஒருநாள் அங்கேயே இரண்டாக அறுந்து, சூடான வாயு சுடுகிறவன் முகத்தைப் பார்த்து வரும். நான் அதைத் தாடையில் வைத்து நாற்பது தடவை சுட்டிருந்தேன்.

வேறொரு துப்பாக்கி வேலைக்காரரிடம் (கன்ஸ்மித்) கொண்டுபோனேன். 'நோ-கோ' கேஜ் என்று ஒன்று உண்டு. தோட்டா வடிவில் இருக்கும் எஃகுத் துண்டு, அதன்மேல் போல்ட் மூடக் கூடாது, மூடினால் சேம்பர் ஆழம் அதிகம். என்னுடையதில் வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி மூடியது. கட்டையைக் கழற்றியபோது இன்னொன்றும் தெரிந்தது. பெட்டிங், அதாவது உடல் கட்டையில் ஆடாமல் உட்கார எபாக்ஸி போடும் வேலை, செய்ததாக முதல் ஆள் 350 டாலர் பில் போட்டிருந்தார். சுடும்போது வரும் உதையைத் தாங்கும் ரீகாயில் லக் உட்காரும் இடத்தில் வெறும் மரம்தான். எபாக்ஸி ஓரத்தில் மட்டும், மேலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற அளவுக்கு ஒரு கோடு.

அப்போதுதான் அந்த ஆளின் தொழில் புரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவர் பொய்யே செய்யவில்லை. கட்டங்கள், சாயம், எண்ணெய் பூசிய மரம் எல்லாம் உண்மையான வேலை. குழலுக்குள், சேம்பருக்குள், கட்டைக்கு அடியில், வாங்குகிறவன் எட்டிப் பார்க்காத இடங்களில்தான் கைவைத்தார். நானும் படங்களை மட்டுமே பார்த்து முடிவு செய்தவன்.

கேட்டபோது, "நீதான் 12 என்று எழுதித் தரவில்லையே" என்றார். உண்மை. செக் என்பதால் பேங்கும் கைவிரித்தது. கார்டாக இருந்தால் தகராறு கிளப்ப ஒரு வழியாவது இருந்திருக்கலாம். கடைசியில் உதவியது டெக்சஸ் நுகர்வோர் சட்டம். வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறது. இரண்டாவது கன்ஸ்மித்தின் அளவுக் குறிப்பு, கேஜ் படம், அறுத்துப் பார்த்த ஒரு கேஸ், எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இங்கே ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். ஐம்பதாவது நாள் போன் வந்தது. 2,400 திருப்பித் தந்தார்.

இப்போது புதுக் குழல் போட்டுத் தருகிறவரிடம் நான் கேட்டு வாங்கியவை: குழல் கம்பெனியின் பில் நகல், என் பெயர் போட்டு. சுழற்சி அளவு, முடிக்கும் தேதி, எத்தனை அங்குலத்துக்குள் எந்தத் தோட்டா விழவேண்டும் என்பது, எல்லாம் ஒரே தாளில். கட்டையைக் கழற்றி எடுத்த படங்கள். கேஜ் வைத்துப் பார்ப்பது என் கண் முன்னால். ரைஃபிளைக் கொடுக்கும்போதே உடலில் உள்ள சீரியல் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டேன். சட்டப்படி அந்த உடல்தான் துப்பாக்கி, அதை வாங்கியதையும் திருப்பிக் கொடுத்ததையும் அவர் புத்தகத்தில் பதிவு செய்தாக வேண்டும். கடைசி 1,500 டாலர் சுட்டுப் பார்த்த பிறகுதான். இதையெல்லாம் கேட்டதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. இன்னொருவரிடம் முதலில் கேட்டேன், சுளித்தார், வந்துவிட்டேன்.

பழைய குழல் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அவரைக்கொடி ஏறியிருக்கிறது. புதுக் குழல் போன வாரம்தான் வந்தது, பில்லோடு. இந்தத் தடவை கம்பியை நானே தள்ளிப் பார்த்தேன். 12.