என்ஜின் போன டீசல் ஸ்விஃப்ட்: வேலை பார்க்கலாமா, உடைக்கக் கொடுக்கலாமா?

2010, 2011 வாக்கில் பதிவான டீசல் ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளுக்கு இப்போது இரண்டு கெடு சேர்ந்து வருகிறது. ஒரு பக்கம் ஆர்.சி.யின் 15 வருடம் முடிகிறது. இன்னொரு பக்கம், லட்சம் கிலோமீட்டரை எப்போதோ தாண்டிவிட்ட என்ஜின் ஒரு நாள் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. மெக்கானிக் "ஒரு லட்சம் ஆகும் சார்" என்கிறார். மச்சான், "எடைக்குப் போட்டுட்டு புதுசு எடுங்க மாமா" என்கிறார். பழைய இரும்புக்காரர் முப்பதாயிரம் என்கிறார்.

உடனே நாம் போடும் கணக்கு, ஒரு லட்சம் செலவா, முப்பதாயிரம் வரவா என்பது. கேள்வியே கோணல். ஒப்பிட வேண்டியது வேறு எண்களை. அவை எவை என்று பின்னால் சொல்கிறேன். வழிகளும் இரண்டல்ல, நான்கு: இருக்கும் என்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பது, பழைய என்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்துவது, நின்ற நிலையிலேயே விற்பது, அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் உடைக்கக் கொடுப்பது.

முதலில், எது போயிருக்கிறது?

இந்த 1248 சிசி என்ஜின் ஃபியட்டின் மல்டிஜெட். மாருதியில் இதற்கு டிடிஐஎஸ் என்று பெயர், டாடா விஸ்டாவில் குவாட்ராஜெட். ரிட்ஸ், புண்டோ, லீனியா, எர்டிகா என்று ஒரு காலத்து வண்டிகள் பலவற்றில் இதுதான் ஓடியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட, இதன் கதையும் முடிந்தது. ஆனாலும் ரோட்டில் இத்தனை வண்டிகள் இருப்பதால் உதிரி பாகமும், இந்த என்ஜினைப் பிரித்துப் பழகிய கையும் எந்த ஊரிலும் கிடைக்கும். 2017-ல் இங்கே விற்பனையை நிறுத்திய ஷெவர்லே மாதிரி ஒரு கம்பெனியின் வண்டி என்றால் நான் இவ்வளவு தைரியமாக எழுதமாட்டேன்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்க இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் கசடு சேரும், டென்ஷனர் தளரும், செயின் நீளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி கேட்கும் கடகட சத்தம் அதுதான். அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஒரு நாள் செயின் பல் தாவி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பல நேரம் வால்வைத் தள்ளும் ராக்கர் ஆர்ம்கள் முதலில் உடைந்து மற்றதைக் காப்பாற்றிவிடும். சேதம் அத்தோடு நின்றிருந்தால் என்ஜினின் மேல் பாகமான ஹெட்டை மட்டும் இறக்கி வேலையை முடித்துவிடலாம்.

ரேடியேட்டர் ஒழுகி, டெம்பரேச்சர் முள் ஏறியதைப் பார்க்காமல் ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், ஹெட் வளைந்திருக்கும். லேத் பட்டறையில் ஃபேஸ் செய்து, அதாவது பரப்பைச் சமமாகச் சீவி, சரிப்படுத்தக்கூடிய வளைவா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். ஆயில் இல்லாமல் ஓடி பேரிங் பிடித்துக்கொண்டது என்றால் செலவு மேலே ஏறும். பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டில் கோடு விழுந்திருக்கும், டர்போவும் அதே ஆயிலை நம்பி இருப்பதால் அதுவும் போயிருக்க வாய்ப்பு அதிகம். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, என்ஜினின் அடி உடலான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் அந்த பிளாக்கை மறந்துவிட வேண்டியதுதான்.

இவை அத்தனையையும் "என்ஜின் போச்சு" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அதனால் எந்த முடிவுக்கும் முன்னால் சில சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். கிராங்க்கை ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றினால் சுற்றுகிறதா? ஆயிலை வடித்தால் மினுமினுவென்று உலோகத் தூள் தெரிகிறதா, அல்லது கூலன்ட் கலந்து வெளுத்து நுரைத்திருக்கிறதா? ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்தும் பலம், எவ்வளவு? இன்ஜெக்டரைக் கழற்றி அந்தத் துளை வழியே சின்ன கேமரா விட்டால் பிஸ்டன் தலையில் வால்வு அடித்த தடம் தெரிந்துவிடும். திறந்து பார்த்தால்தான் முழுசாகச் சொல்ல முடியும் என்று மெக்கானிக் சொல்வது நியாயமே. திறக்கும் கூலி எவ்வளவு, பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கூலி பேசாமல் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டால் அப்புறம் பேரம் பேசும் இடத்தில் நாம் இருக்கமாட்டோம்.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா? தேய்மானத்தாலோ பராமரிப்புக் குறைவாலோ போன என்ஜினுக்கு சாதாரண பாலிசி பணம் தராது. மழை வெள்ளத்தில் தண்ணீர் புகுந்தது என்றால் தனியாக என்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நிறைய வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பிப் பார்த்தால் தண்ணீரை அழுத்த முடியாமல் ராடு வளையும், இன்சூரன்ஸ்காரரும் அதைக் காரணம் காட்டிக் கையை விரிக்கலாம்.

பிரித்து வேலை பார்ப்பது, பழைய என்ஜின் போடுவது

இந்த இரண்டில் பழைய என்ஜின்தான் சுலபமாகத் தோன்றும். சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ ஒன்றைப் பிடித்து, இறக்கி ஏற்றினால் சில நாளில் வண்டி ஓடிவிடும். லேத் பட்டறை வாசலில் காத்திருக்க வேண்டாம். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. அந்த என்ஜின் எந்த வண்டியில் இருந்தது, எவ்வளவு ஓடியது, விபத்து வண்டியா வெள்ளத்தில் நின்ற வண்டியா, யாருக்கும் தெரியாது. உங்கள் என்ஜினைக் கொன்ற அதே நீண்ட செயின் அதிலும் இருக்கலாம். எனவே பொருத்துவதற்கு முன்பே செயின், டென்ஷனர், கைடு, ஆயில் சீல்களுக்குச் செலவழிக்க வேண்டும்; அந்தத் தொகையையும் சேர்த்தால் விலை வித்தியாசம் சுருங்கிவிடும். உத்தரவாதம் என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகும் வரைதான். போதாக்குறைக்கு 75 குதிரைத்திறன், 90 குதிரைத்திறன் என இந்த என்ஜினில் இரண்டு வகை. டர்போவும் கம்ப்யூட்டரும் வேறு வேறு. மாற்றி வாங்கிவிட்டால் தலைவலி.

காகித வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆர்.சி.யில் என்ஜின் நம்பர் இருக்கிறது. என்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி அந்த நம்பரையும் மாற்றியாக வேண்டும். அதற்கு பில் வேண்டும், என்ஜின் எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதற்கான ஆவணம் வேண்டும். இல்லாமல் வாங்கிய என்ஜின் திருட்டு வண்டியுடையது என்று பின்னால் தெரிந்தால் காவல் நிலையத்தில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான். 15 வருட எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைக் காட்டும் நேரத்தில் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பிளாக் உடைந்து வேறு வழியே இல்லை என்றால் மட்டும், பில்லோடு, தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப்போய் வாங்கலாம்.

சொந்த என்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதில் நேரம் போகும். லேத்தில் வரிசை, ஸ்பேர் வரத் தாமதம் என்று வாரக்கணக்கில் இழுக்கும். ஆனால் என்ன மாற்றினார்கள் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும், ஆர்.சி.யைத் தொட வேண்டியதில்லை. எஸ்டிமேட்டை மொத்தத் தொகையாக வாங்காமல் பாகம் பாகமாக எழுதி வாங்குங்கள்: பிஸ்டன், ரிங், பேரிங், செயின் கிட், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், கேஸ்கெட் செட், லேத் கூலி, லேபர். டீசல் என்பதால் இன்ஜெக்டர் சோதனையும் டர்போவும் தனி வரி. பேரிங் பொடிந்து உலோகத் தூள் சுற்றிய என்ஜினில் ஆயில் கூலரைச் சுத்தம் செய்யாமல் மறுபடி மாட்டினால் அந்தத் தூளே புது பேரிங்கையும் தின்றுவிடும். மலிவாக முடித்துத் தருகிறேன் என்பவர்கள் முதலில் விட்டுவிடுவது இந்த மாதிரி வேலைகளைத்தான். கழற்றிய பழைய பாகங்களைச் சாக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

எந்த எண்ணை எந்த எண்ணோடு?

கணக்குக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் நிலையில் வண்டிக்கு 2,00,000 கிடைக்கும். நின்ற நிலையில் 70,000. வேலை பார்க்க 90,000. வேலை பார்ப்பதால் வண்டியின் மதிப்பு 1,30,000 கூடுகிறது, செலவு 90,000, ஆகவே 40,000 லாபம். இதே எஸ்டிமேட் 1,40,000 ஆனால் 10,000 நஷ்டம். ஒப்பிட வேண்டிய எண்கள் இவை. இரும்பு விலை இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை பாருங்கள். நின்ற வண்டியை வாங்க ஆளே இல்லாதபோதுதான் அது வரும்.

விற்கும் எண்ணமே இல்லை, இன்னும் மூன்று வருடம் ஓட்டப்போகிறேன் என்றால் மாதக் கணக்கு பாருங்கள். வேலை 90,000, ஆர்.சி. புதுப்பிக்க 5,000, டயருக்கும் சில்லறை வேலைக்கும் 16,000. மொத்தம் 1,11,000, மாதத்துக்கு சுமார் 3,080. புதிய வண்டிக்கு ஐந்து லட்சம் கடன் வாங்கினால், 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதத் தவணை 10,380 பக்கம் வரும், முன்பணம் தனி. புது வண்டிக்கு மூன்று வருடம் கழித்தும் விலை இருக்கும் என்பது உண்மைதான். 2025 செப்டம்பரில் சின்ன கார்களின் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் உண்மை. ஆனாலும் மாதம் சில நூறு கிலோமீட்டர் ஓட்டும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரியது. அதே 2,00,000-க்கு வேறொரு பழைய வண்டி வாங்கலாமே என்பார்கள். அதன் என்ஜினை யார் உள்ளே பார்த்தது?

ஆர்.சி. புதுப்பிப்பு பற்றி: 15 வருடம் தாண்டிய காருக்கு 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து வருடத்துக்குச் செல்லும். தாமதித்தால் மாதம் 500 அபராதம். 20 வருடம் தாண்டினால் 10,000 என்று 2025-ல் உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி வேறு. டீசல் என்றால் 10 வருடத்தோடு சரி என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது டெல்லி தலைநகர்ப் பகுதிக்கான உத்தரவு, தமிழ்நாட்டுக்கு அல்ல.

இந்தக் கணக்கைக் கவிழ்க்கக்கூடியது பாடி. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி அடியைப் பாருங்கள். கடற்கரை ஊர் வண்டிகளில் துரு ஃப்ளோர் வரை வந்திருக்கும். சேஸிஸ் பகுதி துருப்பிடித்திருந்தால், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், ஏசி எல்லாமே வரிசையில் நின்றால், என்ஜினில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

கொடுத்துவிடுவது என்று முடிவானால்

நின்ற வண்டியை அதிக விலைக்கு எடுப்பவர் பெரும்பாலும் மெக்கானிக்தான். அவருக்கு லேபர் செலவில்லை. ஆகவே பாடி நன்றாக இருந்து, உங்களுக்குப் பணமோ பொறுமையோ இல்லை என்றால் இது நல்ல வழி. ஆனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாறிவிட்டதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள்.

காயலான் கடைக்காரர் கியர் பாக்ஸ், கதவு, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று தனித்தனியாக விற்பதால் அங்கீகாரம் பெற்ற மையத்தைவிடக் கூடுதலாகவே தரக்கூடும். அவர் தராதது ஆர்.சி. ரத்து. உங்கள் சேஸிஸ் நம்பர் இன்னொரு திருட்டு வண்டியில் ஏறி ஊர் சுற்றினால் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். 2021-ல் வந்த விதிகளின்படி இயங்கும் உடைப்பு மையத்தில் எடைக் கணக்குத்தான், தொகை குறைவாக இருக்கும். ஆனால் பதிவை ரத்து செய்ய வழி செய்து, ஒப்படைப்புச் சான்றிதழும் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை தள்ளுபடி தர மாநிலங்களுக்கு மத்திய விதி இடம் தருகிறது, உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இப்போது என்ன தருகிறார்கள் என்று கேட்டுவிட்டு இந்த வழிக்கு வாருங்கள். புது வண்டி வாங்கப்போகிறவருக்கு இந்தச் சலுகைகளைச் சேர்த்தால் காயலான் கடை விலையை மிஞ்சலாம். வாங்காதவருக்கு மிஞ்சாது, நிம்மதி மட்டும்தான்.

என் தீர்ப்பு: பாடி சுத்தமாக இருந்து, சேதம் ஹெட்டோடும் செயினோடும் நின்றிருந்தால் யோசிக்காமல் வேலை பாருங்கள். கிராங்க், டர்போ இரண்டும் போயிருந்தால் மெக்கானிக்கிடம் விற்றுவிடுங்கள். துரு என்றால் அங்கீகாரம் பெற்ற மையம். பெட்ரோல் ஆல்டோ, சாண்ட்ரோ என்றால் டர்போவும் விலை அதிகமான இன்ஜெக்டர்களும் இல்லாததால் வேலை பார்ப்பதன் பக்கம் இன்னும் கொஞ்சம் சாயலாம். முடிவெடுக்காமல் வேப்பமரத்தடியில் கவர் போட்டு நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் நஷ்டமான வழி. எலி வயரைக் கடிக்கும், பேட்டரி சாகும், ஆர்.சி. அபராதம் மாதாமாதம் ஏறும்.

வண்டியைக் கொடுக்கும் நாளில் ஃபாஸ்டேக்கை மூடிவிடுங்கள். இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்காத வருடங்களுக்காகச் சேர்ந்திருக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. கம்பெனியில் கேட்டு அதற்கான கடிதத்தை வாங்கிவைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்குப் பயன்படும். சொந்தச் சேதப் பிரீமியத்தில் அது 50 சதவீதம் வரை போகும்.