இன்வெர்ட்டருக்கு டியூபுலரா, லித்தியமா?

இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போய், டியூபுலர் (ஈயத் தகடும் அமிலமும் உள்ள வகை) நல்லதா, லித்தியம் நல்லதா என்று கடையில் கேட்டால் லித்தியம்தான் என்பார்கள். உங்கள் வீட்டில் கரண்ட் எவ்வளவு அடிக்கடி போகிறது என்று தெரியாமல் அப்படிச் சொல்லவே முடியாது.

முதலில் கொள்ளளவு. 150 ஏ.எச். (ஆம்பியர் ஹவர்) டியூபுலர் என்றால் 12 வோல்ட்டில் 1,800 வாட் ஹவர். ஆனால் அந்த 150 பெரும்பாலும் 20 மணி நேரத்தில் ஏழரை ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. ஃபேன், டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒன்றாக ஓடினால் அவ்வளவு வராது, அதிலும் பாதிக்கு மேல் காலி செய்துகொண்டே இருந்தால் ஆயுள் போய்விடும். ஆக, நிம்மதியாக எடுக்கக்கூடியது 900கூட இருக்காது. 100 ஏ.எச். லித்தியத்தில், அதன் 12.8 வோல்ட்டில், மொத்தமே 1,280தான், ஆனால் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், சின்னதுதான் ஜெயிக்கிறது.

இரண்டும் கெடும் விதம்தான் சுவாரசியம். டியூபுலரில் மின்சாரம் எடுக்க எடுக்க, இரண்டு பக்கத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. உடனே சார்ஜ் ஏற்றினால் சல்பேட் கரைந்துவிடும். காலியாகவே நாள்கணக்கில் கிடந்தால் படிகம் இறுகி, அந்த இடம் அப்புறம் வேலைக்கு ஆகாது. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வேறு வெளியே வரும், அதனால் மூடிய அலமாரியில் வைக்கக் கூடாது. தண்ணீர் அளவைக் காட்டும் மிதவை இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றினால் தகடு அரித்துவிடும்.

இன்வெர்ட்டருக்கு வரும் லித்தியம் பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட் வகை, எளிதில் தீப்பிடிக்காது. இதில் தகடு கரைவதே இல்லை, லித்தியம் அயனிகள் இங்கும் அங்கும் போய்வருகின்றன, அவ்வளவுதான். ஆனால் உள்ளே ஒரு மின்முனையாக இருக்கும் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் வளர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தை விழுங்குகிறது. வெயிலும் எப்போதும் முழு சார்ஜில் இருப்பதும் அதை வேகப்படுத்தும். மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் போகும் வீட்டில், ஆயிரக்கணக்கான சுழற்சி (சார்ஜ் ஏற்றி இறக்குவது) என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். அங்கே நான் டியூபுலர்தான் வாங்குவேன், பழையதைக் கொடுத்தால் ஈயத்துக்கு விலையும் கிடைக்கும். தினமும் கட் ஆகும் ஊர், அல்லது சோலார் என்றால் யோசிக்காமல் லித்தியம். சீக்கிரம் சார்ஜ் ஏறும், ஏற்றும் மின்சாரமும் அதிகம் வீணாகாது.

ஒன்று மட்டும், பழைய இன்வெர்ட்டரில் லித்தியம் மோட் இருக்கிறதா பாருங்கள். டியூபுலருக்கான வோல்டேஜ் 15-ஐத் தாண்டினால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு சர்க்யூட் பேட்டரியைத் துண்டித்துவிடும், நீங்கள் பேட்டரி மேல் பழி போடுவீர்கள்.