காலாவதியான இரண்டு காப்புரிமைகள்: ஒரே சொடுக்கா, கையொப்பமிட்ட கட்டணச் செய்தியா?

இணையக் கடைக்குக் கட்டணப் பக்கம் கட்டுபவர் படித்துப் பார்க்க வேண்டிய அமெரிக்கக் காப்புரிமைகள் இரண்டு: ஒரே சொடுக்கில் ஆர்டர் எடுக்கும் அமேசானின் 5,960,411 (சுருக்கமாக 411), கடை, வாங்குபவர், கட்டணக் கணினி மூன்றையும் இணைக்கும் ஓப்பன் மார்க்கெட் நிறுவனத்தின் 5,715,314 (சுருக்கமாக 314). புகழ் முதலாவதுக்கு. ஆனால் வேலைக்கு ஆவது இரண்டாவதுதான்.

அமேசானின் காப்புரிமை 1999 செப்டம்பர் 28 அன்று கிடைத்தது. அடுத்த மாதமே புத்தகக் கடை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்குப் போட்டு, டிசம்பரில் தடையும் வாங்கினார்கள். எதிர்த்தரப்பு ஓர் உறுதிப்படுத்தும் படியைக் கூடுதலாகச் செருகிச் சமாளித்தது. 2001இல் மேல்முறையீட்டில் தடை நீங்கியது, 2002இல் சமரசம். 2017 செப்டம்பரில் காலாவதி.

இதிலுள்ள நுட்பம் எளிது: உலாவியில் ஓர் அடையாளக் குக்கீ (வாங்குபவர் யாரென்று கடைக்குச் சொல்லும் சிறு குறிப்பு), சர்வரில் சேமித்த முகவரியும் கார்டும், ஒரே பட்டன். சிக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான். பட்டனை இருமுறை தட்டினால் இரண்டு ஆர்டர் விழும். ஒவ்வொரு சொடுக்குக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே திருப்பி அனுப்ப வேண்டும். கைதவறி வாங்கியதை ரத்து செய்யச் சில நிமிட இடைவெளி வேண்டும். முகவரியை மாற்றினால் கடவுச்சொல்லை மீண்டும் கேட்காவிட்டால், பொதுக் கணினியில் விட்டுப்போன குக்கீ ஒன்றே போதும், சரக்கு வேறு வீட்டுக்குப் போய்விடும்.

இந்தியக் கடைகளுக்கு இன்னொரு முட்டுக்கட்டை. 2022 அக்டோபர் 1 முதல் உள்நாட்டுக் கார்டு எண்ணைக் கடை சேமிக்க முடியாது, அதற்குப் பதிலான மாற்று எண் (டோக்கன்) மட்டும்தான். ஓடிபியும் பெரும்பாலும் வந்து நிற்கும். காப்புரிமை தீர்ந்தும் ஒரே சொடுக்கு இங்கே முழுதாகக் கைகூடாதது இதனால்தான்.

ஓப்பன் மார்க்கெட்டின் ஆவணத்தில் சரக்கு வேறு. பொருள், தொகை, காலாவதி நேரம் எல்லாம் அடங்கிய செய்தியை ரகசியச் சாவியால் முத்திரையிட்டு அனுப்புகிறார்கள். பெறும் கணினி முத்திரையைச் சரிபார்க்கிறது. இன்று பேமென்ட் கேட்வேக்கள் (பணம் வசூலித்துத் தரும் சேவைகள்) எச்மேக் கையொப்பத்துடன், அதாவது ரகசியச் சாவியால் கணக்கிட்ட முத்திரையுடன், கடையின் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தியான வெப்ஹூக்கின் மூதாதை என்றே சொல்லலாம். முத்திரை இல்லையென்றால் 5,000 ரூபாயை 5 ஆக மாற்றியனுப்ப உலாவி ஒன்றே போதும். பலர் சறுக்குமிடம்: வந்த செய்தியின் ஜேசான் வடிவத் தரவைப் பிரித்து, மறுபடி கோத்து, பிறகு கையொப்பத்தைச் சரிபார்ப்பது. ஓர் இடைவெளி மாறினாலும் பொருந்தாது. வந்த மூலப் பைட்டுகளின் மீதே சரிபாருங்கள். நேரமுத்திரையையும் பாருங்கள், இல்லாவிட்டால் பழைய செய்தியை யாராவது மறுபடி அனுப்பி ஏமாற்றலாம்.

இந்தக் காப்புரிமை சவெரெய்ன் என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், 2005இல் அமேசானையே 4 கோடி டாலர் கட்ட வைத்தது. நியூஎக் என்ற இணையக் கடை கடைசிவரை மல்லுக்கு நின்றது. 2013 ஜனவரியில், வழக்கில் வைத்த உரிமைக்கோரல்கள் (காப்புரிமை எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறது என்று வரையறுக்கும் பத்திகள்) கம்ப்யூசர்வ் மால் என்ற முந்தைய கணினிவழிக் கடைத்தொகுதி இருந்தபோதே துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியவை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது.

காலக் கணக்கில் ஒரு பொறி உண்டு. 1995 ஜூன் 8க்கு முந்தைய அமெரிக்க விண்ணப்பங்களுக்கு, விண்ணப்பத்திலிருந்து 20 ஆண்டா, வழங்கியதிலிருந்து 17 ஆண்டா, எது நீளமோ அது. 1994 அக்டோபர் 24 அன்று விண்ணப்பித்து 1998 பிப்ரவரி 3 அன்று வழங்கிய 314க்கு அதனால் 2015 பிப்ரவரி வரை கணக்கு வரும், 2014 அக்டோபர் அல்ல. கூகுள் பேட்டன்ட்ஸ் காட்டும் தேதி மதிப்பீடு மட்டுமே. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் பேட்டன்ட் சென்டரில் உறுதிசெய்யுங்கள்.

மூன்றாவது வழி, ஆப்பிள் பே, ஷாப் பே போன்ற ஆயத்தப் பணப்பைகள். சிறு கடைக்கு இதுவே நிம்மதி. விதிகள் அவர்கள் வைத்ததுதான்.

சொந்தமாகவே கட்டுவதென்றால், 314இன் கையொப்ப முறையை அடித்தளமாக வையுங்கள். விலை குறைந்த, திரும்பத் திரும்ப வாங்கும் டிஜிட்டல் பொருள்களுக்கு மட்டும் 411இன் பட்டனை மேலே ஏற்றுங்கள். பட்டனுக்கு ‘1-கிளிக்’ என்று மட்டும் பெயர் வைக்க வேண்டாம். அது அமேசானின் வணிகக்குறி, புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதற்குக் காலாவதி கிடையாது. பழைய காப்புரிமை தீர்ந்தாலும் அதன்மேல் பிறர் எடுத்த மேம்பாட்டுக் காப்புரிமைகள் உயிரோடிருக்கலாம். ஆகவே ஆவணத்தில் உள்ளபடியே கட்டியதற்கும் நீங்கள் சேர்த்த புது அம்சத்துக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். தேடும்போது சுருக்கத்தை விட்டுவிட்டு உரிமைக்கோரல்களை வாசியுங்கள்.